சிப்மங்க் என்பது ‘வரி அணில்’ அல்ல

ரொறன்ரோவில் பனி விலகி வெயில் வந்துவிட்டால் நம்மவர்கள் பின்வளவில் எடுத்த படங்களைப் போடத் தொடங்கிவிடுவார்கள். தக்காளிக் கன்று, முயல், அப்புறம் கட்டாயம் ஒரு சிப்மங்க் – முகத்திலும் முதுகிலும் கோடுள்ள, வளையில் வாழும் சிறு அணிலினம். படங்கள் பெரும்பாலும் அருமையாகவே இருக்கின்றன. கீழே எழுதுவதுதான் பொறுக்க முடியவில்லை: ‘எங்கள் வீட்டு வரி அணில்’. இன்னும் சிலர் ‘அணில்குட்டி’ என்கிறார்கள். தானே வளை தோண்டித் தனியாகக் குடியிருக்கும் வளர்ந்த விலங்கைக் குட்டி என்று எப்படிச் சொல்வது?

பெயரின் பிறப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். வட அமெரிக்கப் பழங்குடியினரான ஒஜிப்வே மக்களின் மொழியில் ‘அஜிடமோ’ என்றால் செவ்வணில். மரத்திலிருந்து தலைகீழாக இறங்குவது என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். ஆங்கிலேயர் வாயில் அது சிட்மங்க் ஆகி, பிறகு சிப்மங்க் ஆனது. அறிவியற் பெயரில் உள்ள ‘தாமியாஸ்’ கிரேக்கச் சொல். களஞ்சியத்தைக் காப்பவன் என்று பொருள். இந்த விலங்குக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் அமையாது.

சரி, ‘வரி அணில்’ ஏன் கூடாது? வரி நம் ஊர் அணிலுக்கு உரியது. தொல்காப்பியம் மரபியலில் குட்டி என்ற பெயருக்கு உரிய விலங்குகளைச் சொல்லும்போது ‘மூவரி அணில்’ என்றே சொல்கிறது. புறநானூற்றின் 246ஆம் பாட்டில் வெள்ளரிக்காய் ‘அணில்வரிக் கொடுங்காய்’ ஆகிறது. அணில் என்றாலே முதுகுக் கோடு நினைவுக்கு வரும் மொழியில், வேறொரு விலங்கைப் பிரித்துக் காட்ட ‘வரி’ என்ற அடையைச் சேர்த்து என்ன பயன்? யாழ்ப்பாணத்திலோ மதுரையிலோ இருப்பவர் ‘வரி அணில்’ என்று படித்தால் தன் வீட்டு முருங்கையில் ஓடுவதைத்தான் நினைப்பார். ரொறன்ரோவிலோ வெறும் அணில் என்றால் மின்கம்பியில் ஓடும் கறுப்பு அணிலும் சாம்பல் அணிலும்தான். இரண்டு பக்கமும் குழப்பம்.

உயிரினங்களுக்கு அறிவியற் பெயர் சூட்டிய லின்னேயஸ் 1758இல் இதற்கு வைத்த பெயரிலேயே வரி இருக்கிறதே என்று வாதாடுவார்கள். உண்மைதான், ‘ஸ்ட்ரையாட்டஸ்’ என்றால் வரியுடையது. ஆனால் அவருக்கு அது பிரித்துக் காட்டும் அடையாளமாகப் பட்டது, சுற்றிலும் வரியில்லாத அணில்களைப் பார்த்தவர் என்பதால். நமக்கு அப்படி இல்லை. பிறமொழிப் பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதுதான் கலைச்சொல்லாக்கம் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள்.

‘தரை அணில்’ என்று சொல்வது இன்னும் மோசம். தரை அணில்கள் என்று தனிக் கூட்டமே இருக்கிறது. மேற்குக் கனடாவின் பான்ஃப் பக்கம் போகிறவர்கள் படமெடுத்துக்கொண்டு வரும் ‘சிப்மங்க்’ பலவும் உண்மையில் பொன்முதுகுத் தரை அணில்தான். அதற்கும் முதுகில் கோடுண்டு, கன்னத்தில் பையுண்டு. வேறுபாடு முகத்தில் இருக்கிறது: தரை அணிலின் முகத்தில் கோடு கிடையாது. சிப்மங்க்குக்குக் கண்ணின் மேலும் கீழும் வெளிர்கோடு, நடுவே கண்ணை ஊடறுத்து ஒரு கருங்கோடு.

அதனால் நான் சொல்வது ‘கன்னவரி அணில்’. படமெடுப்பவர்களுக்கு இது உடனே புரியும். வளை வாசலுக்கு நேரே புல்லில் படுத்து, கண்ணுக்குக் குவியம் வைத்துக் காத்திருந்தால் அந்தக் கோடுதான் முதலில் துலங்கும். சூரியகாந்தி விதையை முன்கால்களால் வாய்க்குள் தள்ளத் தள்ளக் கன்னம் இரண்டும் உப்பும். கீழ்க்கோடு அதன்மேல் வளைந்து அகலும். அந்த விதையெல்லாம் நிலத்தடிச் சேமிப்பு அறைக்குப் போகிறது. குளிர்காலம் முழுக்க அது ஒரே தூக்கமாகத் தூங்குவதில்லை, சில நாட்களுக்கு ஒருமுறை எழும்பித் தின்றுவிட்டுத் திரும்பவும் சுருண்டுகொள்ளும்.

கன்னம் வேண்டாம், ‘கதுப்பு’ என்று போடலாமே என்பார்கள் தனித்தமிழ் அன்பர்கள். சங்கப் பாட்டில் கதுப்பு என்றால் பெரும்பாலும் பெண்களின் கூந்தல். பிள்ளைகளுக்கு விளங்காத சொல்லை விலங்கின் தலையில் கட்ட எனக்கு விருப்பமில்லை.

பேச்சில் சிப்மங்க் என்றே சொல்லுங்கள், அதில் தவறில்லை. எழுதும்போது, அதுவும் சிறுவர் நூலிலும் காட்டுயிர்ப் படங்களின் தமிழ்க் குரலிலும், வெவ்வேறு விலங்குகளுக்கும் ‘அணில்’ என்ற ஒரே சொல்லைப் போட்டுக் கடந்துபோவதுதான் தவறு. மொழிபெயர்ப்பவர் திரையில் ஓடும் விலங்கின் முகத்தை ஒருமுறை பார்த்தாலே போதும். ஏறத்தாழ 25 வகை சிப்மங்க்குகளில் ஒன்றே ஒன்றுதான் வட அமெரிக்காவுக்கு வெளியே, சைபீரியா முதல் கொரியா, வட ஜப்பான் வரை வாழ்கிறது. அதன் முகத்திலும் அதே கோடுகள் உண்டு. சைபீரியக் கன்னவரி அணில் என்று தயங்காமல் எழுதலாம்.