மீன்குஞ்சின் காதுக்குள் ஒரு கல்

கோமாளி மீனின் முட்டையைப் பொரிவதற்கு ஓரிரு நாள் முன்பு உருப்பெருக்கியில் பார்த்தால், முதலில் இரண்டு பெரிய கண்கள் தெரியும். அவற்றுக்குச் சற்றுப் பின்னால் மணல் துகளைவிடச் சின்னதாகச் சில புள்ளிகள் இருக்கும். அவைதான் செவிக்கற்கள். எது மேல், எது கீழ் என்று குஞ்சுக்கு உணர்த்துவதும், ஓசையைக் கேட்க வைப்பதும் அவைதான். நாளுக்கு ஒரு வளையமாக அவை வளரும்.

நாம் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கைக் கடல் உறிஞ்சிக்கொள்கிறது. அது நீரோடு சேர்ந்து அமிலமாகிறது. தொழிற்புரட்சிக்கு முன் சுமார் 8.2 ஆக இருந்த கடல் மேற்பரப்பு நீரின் பிஎச் (அமிலத்தன்மையின் அளவு; குறையக் குறைய அமிலம் கூடும்) இப்போது 8.1 அருகே வந்துவிட்டது. பிஎச் மடக்கை அளவு, அதாவது ஓர் எண் இறங்கினால் அமிலம் பத்து மடங்கு கூடும் என்பதால், இந்தச் சின்ன இறக்கமே ஹைட்ரஜன் அயனிகள் கால் பங்குக்கு மேல் கூடிவிட்டதைக் காட்டுகிறது.

சரி, அமிலம் கூடினால் சுண்ணாம்பாலான செவிக்கல் கரையத்தானே வேண்டும்? 2009இல் கலிபோர்னியாவில் ஒரு வகைக் கடல்மீனின் குஞ்சுகளை வைத்துச் சோதித்தவர்களும் அப்படித்தான் எதிர்பார்த்தார்கள். நடந்தது நேர்மாறு. கார்பன் டை ஆக்சைடு மிக அதிகமாக இருந்த நீரில் செவிக்கல்லின் பரப்பு 15 விழுக்காட்டுக்கும் கூடுதலாக இருந்தது. கோமாளி மீனிலும் மிக உயர்ந்த அளவில் கல் பெரிதானது.

காரணம் மீனின் உடலிலேயே இருக்கிறது. கருவுக்குச் செவுள் இன்னும் சரியாக உருவாகியிருக்காது. வாயு தோல் வழியாகவே உள்ளே புகுந்துவிடும். உடல்நீர் அமிலமாகாமல் காக்க, கரு அமிலத்தைத் தணிக்கும் பைகார்பனேட்டைச் சேர்த்துக்கொண்டு குளோரைடை வெளியே தள்ளுகிறது. சேர்ந்த பைகார்பனேட் காதுக்குள் இருக்கும் திரவத்துக்கும் போய்க் கல்லாகப் படிகிறது.

குளோரைடு குறைவதால் மூளையின் அடக்கும் சமிக்ஞைகளும் தடுமாறி, குஞ்சுகள் எதிரியின் வாசனையையே நாடிப் போகின்றன என்று சில ஆய்வுகள் சொல்லின. 2020இல் வெளியான ஒரு பெரிய மறுசோதனையில் அந்த விளைவு தென்படவில்லை. எனவே நடத்தை பற்றிய கூற்றுகளை நான் நிதானமாகவே எடுத்துக்கொள்கிறேன். வளர்ச்சி பற்றிய ஒரு முடிவுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. 2012இல் வெளியான ஆய்வில், கார்பன் டை ஆக்சைடு மிகுந்த நீரில் வளர்ந்த கோமாளிக் குஞ்சுகள் இளைத்தன, கூடுதலாகச் செத்தன. ஆனால் தாய் தந்தையும் அதே நீரில் இருந்திருந்தால் அந்தக் குறை காணப்படவில்லை.

அப்புறம் கோமாளி மீன் வாழும் பவளப் பாறையின் கதை இருக்கிறது. செவிக்கல்லும் பவளத்தின் எலும்புக்கூடும் அரகோனைட் என்ற ஒரே வகைச் சுண்ணாம்புதான். கல்லுக்கு மீனின் உடல் காவல் இருக்கிறது. பவளமோ சுற்றியுள்ள கடலிலிருந்தே கார்பனேட்டைத் திரட்டிக் கட்ட வேண்டும்; நீர் அமிலமாக ஆக, அதற்குக் கூடுதல் உழைப்பு தேவைப்படும். பொரிந்த குஞ்சு பத்துப் பன்னிரண்டு நாள் திறந்த கடலில் மிதந்துவிட்டு, இறால்கள் சொடுக்கும் ஓசையையும் பாறையின் வாசனையையும் பிடித்துக்கொண்டு திரும்புகிறது. சிதைந்த பாறையில் அந்தச் சத்தமே குறைந்துவிடுகிறது.