800 அடி போயும் ஈரமில்லை

செங்கல்பட்டுப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு. போர்வெல் போடும் வண்டி முந்தின நாளே போய்விட்டது. குழியைச் சுற்றி, மாவு மில்லில் சிந்தியதுபோல நீலச் சாம்பல் நிறத்தில் தூள். அள்ளிப் பார்த்தேன், பொடி உலர்ந்து கிடந்தது. 800 அடி. "இன்னும் 200 அடி போயிருந்தால் வந்திருக்குமா சார்?" என்றார் தோப்புக்காரர்.

நிலத்தடி நீர் பார்க்கும் தொழிலில் எனக்குப் பழகிப்போன கேள்வி இது. எத்தனை அடி என்று கேட்பார்கள். அடியில் என்ன பாறை என்று கேட்பவர் அரிது.

அந்தத் தூள் சார்னோகைட். பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் இருக்கிற அதே கல். கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்கத்தாக் கல்லறைக் கல் இதுவே என்பதால், 1893-இல் புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் சார்னாக்கின் பெயரையே இதற்கு வைத்தார். வெகு ஆழத்தில் வெப்பமும் அழுத்தமும் பழைய பாறையை மாற்றினால் அது உருமாறிய பாறை. பாறைக்குழம்பு குளிர்ந்து உறைந்தால் தீப்பாறை. சார்னோகைட் எந்தப் பக்கம் என்ற வழக்கு எங்கள் ஆட்களிடையே இன்னும் ஓடுகிறது. தண்ணீருக்கு அந்த வழக்கால் ஆவது ஒன்றுமில்லை. இரண்டிலும் தாதுக்கள் பல்லோடு பல்லாகக் கோத்து நிற்பதால் நீர் தங்க இடமில்லை. மேலே சுக்கானிலும் (சிதைந்து தளர்ந்த பாறை), அதன் கீழ் வெடிப்புகளிலும்தான் நீர். ஆழம் போகப் போக மேல்பாரம் வெடிப்புகளை இறுக்கிவிடும்.

படிவுப் பாறையின் கதை வேறு. ஆறும் கடலும் கொண்டுவந்த மணலும் சேறும் சிப்பியும் அடுக்கடுக்காகப் படிந்து இறுகியது அது. கடலூர் மணற்கல்லில் மணிகளுக்கு நடுவிலேயே நீர் நிற்கும். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு அடியிலுள்ள நீர் அழுத்தத்தோடு மேலெழும். அதை இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கம் வெட்ட முடியும். அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லில் ஒரு சொட்டு அமிலம் விட்டால் சோடாபோல நுரைக்கும்.

செலவுக் கணக்கும் இதனால் மாறும். கருங்கல் பூமியில் மேல்மண்ணும் சுக்கானும் தாண்டும்வரை, குழி சரியாமல் தாங்கும் கேசிங் குழாய் போதும். மணற்கல்லில் அப்படிச் சிக்கனம் பிடித்த ஒருவரின் குழி இரண்டே வாரத்தில் சரிந்ததைப் பார்த்திருக்கிறேன். போர் போடும்போது பத்தடிக்கு ஒரு பிடித் தூளைத் தனித்தனியாக எடுத்து வைக்கச் சொல்லுங்கள், அடியில் என்ன பாறை என்று அதில் தெரியும். காசு கேட்க மாட்டார்கள்.

தோப்புக்காரருக்கு நான் சொன்ன பதில்: "வந்திருக்கலாம். என் காசாக இருந்தால் போட மாட்டேன்." தோப்பின் மூலையில், மட்டையும் குப்பையும் கொட்டி வைத்த பழைய கிணறு ஒன்று இருந்தது. எட்டிப் பார்த்தேன். 25 அடி வரை நல்ல சுக்கான். அதற்குக் கீழே ஒரு வெடிப்பின் ஓரமாகப் பச்சைப் பாசி. தூர் வார எவ்வளவு ஆகும் என்று விசாரிக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.