ஸ்கேனருக்குக் காது மட்டுமே உண்டு

ஓஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ் நகருக்கு அருகில், இருவழி ரேடியோ கருவிகளைப் பழுதுபார்ப்பதும் புரோகிராம் செய்து கொடுப்பதும் என் தொழில். தீயணைப்பு வண்டிகளிலும் பள்ளிப் பேருந்துகளிலும் இருக்கும் கருவிகளே பெரும்பாலும் என் மேசைக்கு வரும். ஆனால் இந்தக் குளிர்காலத்தில், மாநில அரசின் ரேடியோப் பேச்சைக் கேட்க வேண்டும் என்ற ஒரே ஆசையோடு நம் தமிழ் அன்பர்கள் ஐந்து பேர் தனித்தனியே வந்துவிட்டார்கள். ஐந்தாவதாக வந்த இளைஞர், ஒரு கையில் 700 டாலருக்கு வாங்கிய புதிய ஸ்கேனரையும் (பிறருடைய ரேடியோப் பேச்சைக் கேட்க மட்டுமே உதவும் கருவி அது), மறு கையில் இணைய ஏலத்தில் எடுத்த, ஏதோ ஓர் அரசுத் துறை கழித்துவிட்ட கைக்கருவியையும் வைத்திருந்தார். “அண்ணா, ஸ்கேனரில் பாதிப் பேச்சு வரவே மாட்டேன் என்கிறது. இந்த ரேடியோவில் ஸ்டேட் போலீஸைப் போட்டுக் கொடுங்கள். பூட்டைத் திறக்க ஏதோ கோட் விற்கிறார்களாமே, அதையும் வாங்கிக்கொள்ளலாம்” என்றார். அவர் கேட்ட இரண்டில் ஒன்று நடக்காதது, மற்றொன்று குற்றம். படித்த, பொறுப்பான ஒருவருக்கு இந்த இரண்டுமே தெரிந்திருக்கவில்லை என்பதுதான் என்னை எழுத உட்கார வைத்தது.

முதலில், எதைக் கேட்க விரும்புகிறோம் என்று தெரிந்துகொள்ள வேண்டும். 1990ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஷேடிசைடு ஊரில் ஓடைகள் திடீரெனப் பெருகி 26 பேர் உயிரிழந்தார்கள். 1993ஆம் ஆண்டு ஏப்ரலில் லூகாஸ்வில் சிறையில் வெடித்த கலவரம் 11 நாள்கள் நீடித்தது. உதவிக்கு ஓடிவந்த துறைகள் ஒன்றோடொன்று ரேடியோவில் பேசிக்கொள்ள முடியாமல் தவித்த அந்த அனுபவங்களிலிருந்துதான், மார்க்ஸ் என்று சுருக்கி அழைக்கப்படும் பல்துறை ரேடியோ அமைப்பு ஓஹாயோவில் உருவாயிற்று. நெடுஞ்சாலைக் காவல், போக்குவரத்துத் துறை, சிறைத் துறை, பல மாவட்டங்களின் தீயணைப்பு, ஆம்புலன்ஸ் எல்லாம் இன்று 700, 800 மெகாஹெர்ட்ஸ் பகுதிகளில் இயங்கும் இந்த ஒரே அமைப்பில் பேசுகின்றன. இருபத்தைந்து டாலருக்கு வாங்கும் பாவ்ஃபெங் யூவி-5ஆர் போன்ற கைக்கருவிகள் 520 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் எட்டுவதே இல்லை. ஆகவே அதை வாங்கி வைத்துக்கொண்டு மாநிலக் காவலின் “அலைவரிசை எண்” என்ன என்று என்னிடம் கேட்காதீர்கள்.

அந்தக் கேள்வியே தவறு என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பழைய வங்கியில் ஒவ்வொரு கவுன்ட்டருக்கும் ஒரு வரிசை இருந்தது. பணம் எடுக்க மூன்றாம் எண் என்றால் என்றைக்கும் மூன்றாம் எண்தான். இன்றைய வங்கியில் டோக்கன் எடுத்துக்கொண்டு அமர்கிறோம். எந்தக் கவுன்ட்டர் காலியோ அங்கே போகச் சொல்லிப் பலகையில் எண் ஒளிர்கிறது. டிரங்கிங் என்பது இந்த டோக்கன் முறைதான். ஒருவர் பேச்சுப் பொத்தானை அழுத்தும்போது காலியாக இருக்கும் ஓர் அலைவரிசை அவருடைய பேச்சுக்குழுவுக்கு, அதாவது அவரோடு சேர்ந்து பேசவும் கேட்கவும் அமைத்த குழுவுக்கு, அந்த நேரத்துக்கு மட்டும் ஒதுக்கப்படுகிறது. பேசி முடித்ததும் அது வேறொருவருக்குப் போய்விடுகிறது. கட்டுப்பாட்டு அலைவரிசை என்பது அந்த ஒளிரும் பலகை. டிரங்கிங் ஸ்கேனர் அந்தப் பலகையை ஓயாமல் படித்துக்கொண்டு பேச்சுக்குழுவின் பின்னாலேயே ஓடுகிறது.

இதைவிட என்னை அதிகம் அலைக்கழிக்கும் குழப்பம், டிஜிட்டல், டிரங்கிங், மறையாக்கம் ஆகிய மூன்றையும் ஒன்றாக்கிவிடுவது. “டிஜிட்டலாக்கிவிட்டார்கள், அதனால் பூட்டிவிட்டார்கள்” என்று வருபவர்களில் முக்கால்வாசிப் பேர் சொல்கிறார்கள். இல்லை, ஐயா. டிஜிட்டல் என்பது குரலை எண்களாக்கி அனுப்பும் முறை மட்டுமே. இங்கே புழங்கும் பி25 என்பது எல்லாரும் வாங்கிப் படிக்கக்கூடிய, வெளியிடப்பட்ட தரநிலை. நமக்குத் தெரியாத ஒரு மொழியில் தெருவில் இருவர் உரக்கப் பேசிக்கொண்டு போவதைப் போன்றது அது. மொழி தெரிந்தவருக்கு எல்லாம் புரியும், அந்த மொழி தெரிந்த கருவிதான் டிஜிட்டல் ஸ்கேனர். மறையாக்கம் முற்றிலும் வேறு. அது பூட்டிய பெட்டிக்குள் வைத்து அனுப்பிய கடிதம். பெட்டி உங்கள் வீட்டு வாசல் வழியாகத்தான் போகிறது, ஸ்கேனரின் திரையில் அது போவதைக்கூடப் பார்க்கிறீர்கள். ஆனால் சாவி அனுப்பியவரிடமும் பெறுபவரிடமும் மட்டுமே இருக்கிறது. ஏஇஎஸ் என்ற மறையாக்க முறையில் அந்தச் சாவி 256 பிட் நீளமுள்ளது. அதை எந்த ஸ்கேனர் நிறுவனமும் தன் கருவியில் வைத்து விற்பதில்லை. விலை கூடிய ஸ்கேனரிலும் அது இல்லை. மென்பொருளைப் புதுப்பித்தாலும் வராது. அரசுத் துறை கழித்த கருவியை வாங்கினாலும் வராது, ஏனெனில் சாவியை அழித்துவிட்டுத்தான் கருவியைக் கழிக்க வேண்டும் என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். “கோட்” விற்கிறேன் என்று ஒருவர் சொன்னால் அவர் உங்கள் பணத்தை எடுத்துக்கொண்டு போகப்போகிறார், அவ்வளவுதான்.

எல்லாத் துறைகளும் பூட்டிவிட்டனவா என்றால், அதுவும் இல்லை. மறையாக்கம் பரவிவருவது உண்மை. 2020ஆம் ஆண்டு அக்டோபரில் கலிஃபோர்னிய நீதித் துறை, குடிமக்களின் சொந்தத் தகவல்கள் ரேடியோவில் வெளிப்படாமல் காக்க வேண்டும் என்று காவல் துறைகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது, நியூயார்க் நகரக் காவல் துறை 2023இல் தன் அலைவரிசைகளை ஒவ்வொன்றாகப் பூட்டத் தொடங்கியது. ஆயினும் பல ஊர்களில் தீயணைப்பும் சாலைப் பணியும் இன்னும் திறந்தே இருக்கின்றன. ஸ்கேனர் வாங்குவதற்கு முன் உங்கள் மாவட்டத்தில் எது திறந்திருக்கிறது, எது பூட்டியிருக்கிறது என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். பி25இன் இரண்டாம் கட்டத்தை, அதாவது ஓர் அலைவரிசையில் இரண்டு பேச்சுகளை அனுப்பும் அதன் புதிய வடிவத்தை, புரிந்துகொள்ளாத பழைய கருவியை மலிவு என்று வாங்கிவிட்டுப் பிறகு என்னிடம் வருந்தாதீர்கள்.

பூட்டப்படாத பேச்சும் கரகரவென்று துண்டு துண்டாக வருகிறது என்பது அடுத்த புகார். இதற்கு உடனே பெரிய ஆன்டெனா வாங்கிவிடுகிறார்கள், நோய் முற்றுகிறது. நகரப் பகுதிகளில் பல கோபுரங்கள் ஒரே அதிர்வெண்ணில் ஒரே நொடியில் ஒரே பேச்சை ஒலிபரப்புகின்றன. இதற்குச் சைமல்காஸ்ட் என்று பெயர். இரண்டு கோபுரங்களின் அலைகள் மிகச் சிறிய கால இடைவெளியில் முன்னும் பின்னுமாக வந்து சேரும்போது சாதாரண ஸ்கேனர் அந்த எண்களைக் குழப்பிக்கொள்கிறது. அங்கே தேவைப்படுவது அதிக அலை அல்ல, ஒரே கோபுரத்தின் அலை. அந்தக் கோபுரத்தை நோக்கித் திருப்பிய, ஒரு திசை அலையையே அதிகம் பிடிக்கும் சிறிய யாகி ஆன்டெனாவோ, அறையின் வேறொரு மூலையோகூடப் போதுமானதாக இருக்கலாம். 2018இல் வந்த யூனிடென் எஸ்டிஎஸ்100 இந்தச் சிக்கலுக்காகவே வடிவமைக்கப்பட்டது. நகருக்குள் குடியிருப்பவர் செலவழிக்கத்தான் போகிறார் என்றால் அதில் செலவழிக்கலாம்.

“மாநிலம் முழுக்க ஒரே அமைப்பு என்றால், கொலம்பஸிலிருந்து கிளீவ்லாந்தைக் கேட்க முடியாதா?” என்று ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. துறையின் ரேடியோ எந்தக் கோபுரத்தின் எல்லைக்குள் நுழைகிறதோ அங்கே தன்னைப் பதிவு செய்து, தான் எந்தப் பேச்சுக்குழுவில் இருக்கிறது என்றும் சொல்கிறது. அந்தக் குழுவின் பேச்சு, அதில் பதிவான கருவிகள் இருக்கும் கோபுரங்களுக்கே பொதுவாக அனுப்பப்படுகிறது. ஸ்கேனருக்குக் காது உண்டு, வாய் இல்லை. நான் இங்கே இருக்கிறேன், அந்தப் பேச்சை இங்கேயும் அனுப்பு என்று அதனால் கோபுரத்திடம் கேட்க முடியாது. அதே காரணத்தால்தான் நீங்கள் எத்தனை மணி நேரம் கேட்டாலும் அமைப்புக்கு ஒரு துளித் தீங்கும் நேர்வதில்லை.

அந்த இளைஞர் கொண்டுவந்த கைக்கருவிக்கோ வாய் இருக்கிறது. நான் அதைத் தொட மறுத்ததற்குக் காரணம் அதுதான். வெளியார் ஒருவர் அத்தகைய கருவியை அமைப்பில் நுழைக்க வேண்டுமானால், உண்மையான ஓர் ஊழியரின் அடையாள எண்ணைத் திருடிப் பதிவிட வேண்டியிருக்கும். அப்படிச் செய்தால் என்ன ஆகும்? ஒரே எண் இரண்டு இடங்களில் பதிவாகிறது. அந்த எண்ணுக்குரிய ஊழியர் எரியும் வீட்டுக்குள் நிற்கையில், அமைப்பு அவரை உங்கள் வீட்டருகே உள்ள கோபுரத்தில் தேடக்கூடும். அவருக்கான அழைப்பு அங்கே போகாமல் இங்கே வரக்கூடும். தவறி ஒருமுறை பொத்தானை அழுத்திவிட்டால், உதவி கேட்டுக்கொண்டிருக்கும் ஒருவரின் பேச்சில் நீங்கள் குறுக்கே விழுகிறீர்கள். உரிமமின்றி அந்த அலைவரிசையில் ஒலிபரப்புவது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். தீயணைப்பு வீரர்களின் கருவிகளைப் பல ஆண்டுகளாகக் கையில் எடுத்துப் பழுதுபார்ப்பவன் என்ற முறையில் கெஞ்சிக் கேட்கிறேன், அந்தப் பக்கமே போகாதீர்கள்.

கேட்பதற்குச் சட்டம் இடம் தருகிறது. 1986ஆம் ஆண்டின் மின்னணுத் தொடர்பு அந்தரங்கச் சட்டம், பொதுமக்களுக்கு எளிதில் எட்டும்படி உள்ள காவல், தீயணைப்பு உள்ளிட்ட அரசு ரேடியோப் பேச்சைக் கேட்பதை அனுமதிக்கிறது. மறையாக்கம் செய்த பேச்சு அந்த வரையறைக்குள் வராது, அதைத் திறக்க முனைவது ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றமாகலாம். பலருக்குத் தெரியாதது இதற்கு அடுத்த படி. 1934ஆம் ஆண்டுத் தகவல் தொடர்புச் சட்டத்தின் 705ஆம் பிரிவு, பொதுமக்களுக்கென ஒலிபரப்பாத பேச்சை இடைமறித்துக் கேட்டவர் அதைப் பிறருக்கு வெளியிடுவதையும், தன் ஆதாயத்துக்குப் பயன்படுத்துவதையும் தடுக்கிறது. விபத்துச் செய்தியைக் கேட்டுவிட்டு வாடிக்கை பிடிக்க இழுவை வண்டியை அனுப்புகிறவர், கேட்டதற்காக அன்று, அதற்குப் பிறகு செய்ததற்காக மாட்டிக்கொள்வார்.

சென்ற ஆண்டு நடந்த ஒன்றை மனம் கனக்க இங்கே சொல்கிறேன். நம்மவர் ஒருவர் ஆம்புலன்ஸ் அழைப்பைக் கேட்டிருக்கிறார். தெருவின் பெயரும் அடுக்ககத்தின் எண்ணும் பழக்கமானவை. “நம் ஆள் வீடு போலிருக்கிறது, மூச்சு இல்லையாம்” என்று வாட்ஸாப் குழுவில் போட்டுவிட்டார். உதவும் எண்ணம்தான், சந்தேகமில்லை. ஆனால் அந்தச் செய்தி ஒரு மணி நேரத்துக்குள் கடல் கடந்து, மருத்துவமனை வாயைத் திறப்பதற்கு முன்பே, ஊரில் தனியாக இருந்த அந்த மனிதரின் தாயாருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அந்த மகன் பிழைத்துக்கொண்டார். அந்த அம்மாள் அன்றிரவு எப்படி இருந்திருப்பார் என்று எண்ணிப் பாருங்கள். ரேடியோவில் முதலில் சொல்லப்படுவது பெரும்பாலும் பதற்றத்தில் அழைத்தவர் சொன்னது. அதில் பாதி பிறகு மாறும். கேட்டதை உங்கள் அறைக்குள்ளேயே விட்டுவிடுங்கள். குழுவில் போடாதீர்கள், சம்பவ இடத்துக்குக் காரை எடுத்துக்கொண்டு போகாதீர்கள், ஒலிப்பதிவு செய்து நண்பருக்கு அனுப்பாதீர்கள்.

காரில் ஸ்கேனரை வைத்துக்கொண்டு மாநில எல்லையைக் கடப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். சின்சினாட்டி விமான நிலையம் ஓஹாயோவில் இல்லை, ஆற்றுக்கு அப்பால் கென்டக்கியில் இருக்கிறது. அந்த மாநிலத்தில், சட்டம் விலக்களித்தவர்களைத் தவிர மற்றவர்கள் காவல் அலைவரிசையைப் பிடிக்கும் கருவியை வாகனத்தில் வைத்திருப்பது குற்றம். இண்டியானாவிலும் ஏறத்தாழ இதே நிலைதான். அம்மா அப்பாவை அழைத்துவரப் போகும் நாளில் ஸ்கேனர் வீட்டிலேயே இருக்கட்டும்.

சூறாவளி எச்சரிக்கைக்காகத்தான் ஸ்கேனர் என்பவர்களுக்கு அது தேவையே இல்லை. 162.400 முதல் 162.550 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள ஏழு அலைவரிசைகளில் தேசிய வானிலைச் சேவை இரவும் பகலும் ஒலிபரப்புகிறது. அதற்கான சிறிய வானிலை ரேடியோ மலிவானது, எச்சரிக்கை வந்தால் தானே ஒலித்து உங்களை எழுப்பும். உண்மையிலேயே ரேடியோவில் ஆர்வம் இருந்தால் அமெச்சூர் உரிமம், அதாவது பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுவதற்கான உரிமம், பெறுங்கள். தொடக்க நிலைத் தேர்வில் 35 கேள்விகள், 26 சரியாக இருந்தால் தேர்ச்சி. மோர்ஸ் என்ற தந்திக் குறியீடு 2007 முதல் எந்த நிலைக்கும் தேவையில்லை. உரிமக் கட்டணம் 35 டாலர். தேர்வு நடத்துபவர்கள் தனியாகச் சிறு தொகை வாங்கலாம். குடியுரிமை கேட்கமாட்டார்கள், எச்1பி விசாவில் இருப்பவரும் மாணவரும் இங்கே ஓர் அஞ்சல் முகவரி இருந்தால் எழுதலாம். கேட்பதோடு நில்லாமல் முறையாகப் பேசவும் அது வழி திறக்கும், மாநில அமைப்பில் அன்று, நமக்கென ஒதுக்கிய அலைவரிசைகளில்.

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. இந்தியாவில் உரிமமின்றி ரேடியோ கருவி வைத்திருப்பதை 1933ஆம் ஆண்டுச் சட்டமே குற்றமாக்கியது. 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம், செய்திகளைச் சட்டவிரோதமாக இடைமறிப்பவருக்கு மூன்றாண்டு வரை சிறையோ இரண்டு கோடி ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்க வழி செய்கிறது. இங்கே வெளிப்படையாக மேசைமேல் வைத்துக் கேட்கும் அதே ஸ்கேனரை மச்சானுக்குக் காட்டலாம் என்று பெட்டியில் வைத்து எடுத்துச் செல்லாதீர்கள்.