டார்பிடோ: குண்டா, கணையா?

'நீர்மூழ்கி வீசிய குண்டில் சரக்குக் கப்பல் மூழ்கியது' என்று தமிழில் எழுதுகிறோம். அந்தக் 'குண்டு' எனக்கு எப்போதும் உறுத்தும்.

குண்டு மேலிருந்து விழுவது, நீர்மூழ்கிக் கப்பல் விடும் டார்பிடோ அப்படியில்லை. ஏழு மீட்டர் நீளக் குழாய் மாதிரி உடம்பு, தலையில் வெடிமருந்து, வாலில் விசிறி. நீர்மட்டத்துக்குக் கீழே தானாகவே ஓடிப்போய்க் கப்பலின் வயிற்றில் மோதும்.

பெயர் ஒரு மீனுடையது. மரத்துப்போவதைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து வந்தது. தொட்டால் மின்சாரம் பாய்ந்து கை மரத்துப்போகுமே, அந்தத் திருக்கை வகைக்கு வைத்த பெயர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் ராபர்ட் ஃபுல்டன் அதைக் கடல் கண்ணிவெடிக்குச் சூட்டினார். அமெரிக்க உள்நாட்டுப் போர்ச் செய்திகளில் டார்பிடோ என்று வந்தால் பெரும்பாலும் கண்ணிவெடிதான். 1866இல் ஆங்கிலேயப் பொறியாளர் ராபர்ட் ஒயிட்ஹெட், அழுத்திய காற்றின் விசையில் தானே ஓடும் ஒன்றைச் செய்தார், அப்புறம் பெயர் மெல்ல அதற்கே நிலைத்தது.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'நீர்மூழ்கிக் குண்டு' வேண்டாம். நீர்மூழ்கியை அழிக்க மேலிருந்து கடலில் போடும் வெடிக்குத்தான் குண்டு என்ற சொல் பொருந்தும். 'நீர்மூழ்கிக் கணை' என்றாலும் சிக்கல், விமானமும் போர்க்கப்பலும்கூட டார்பிடோ விடுமே. வெறும் 'ஏவுகணை' என்றால் வானில் பறப்பது நினைவுக்கு வரும். நான் 'நீரடிக்கணை' என்பேன். கணை குறளிலேயே இருக்கிற சொல், கணை என்றாலே எய்தவன் ஒருவன் இருக்கிறான்.

எனக்கு அது முக்கியம். 1942 நவம்பர் 6 இரவு, பம்பாயில் ஏற்றிய சுமார் 2,000 பெட்டி வெள்ளி நாணயங்களோடு போன 'சிட்டி ஆஃப் கெய்ரோ' என்ற பிரிட்டிஷ் கப்பலை, தென் அட்லாண்டிக்கின் செயின்ட் ஹெலினா தீவுக்குத் தெற்கே ஜெர்மனியின் யூ-68 நீர்மூழ்கி தாக்கியது. முதல் கணை பட்டதும் ஆட்கள் படகுகளில் இறங்கினார்கள். சில நிமிடங்கள் கழித்து இரண்டாவதும் வந்தது. பிறகு நீர்மூழ்கி மேலே வந்து படகுகளை நெருங்க, அதன் தலைவர் மெர்ட்டன் கரை இருக்கும் திசையைச் சொல்லி, உங்களை மூழ்கடித்ததற்கு வருந்துகிறேன், இரவு வணக்கம் என்று சொல்லிவிட்டுப் போனார். கப்பலோடு போனவர்கள் சிலர்தான். பிறகு பலர் படகுகளிலேயே, குடிநீர் அளந்து ஊற்றிய அந்த நாட்களில், செத்தார்கள். மொத்தம் 104 பேர். மாலுமிகளில் பெரும்பாலோர் இந்தியாவிலிருந்து போன லஸ்கர்கள்.

இதைக் 'குண்டு பட்டு மூழ்கியது' என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. 'நீரடிக்கணை எய்து மூழ்கடித்தார்கள்' என்றே எழுதுகிறேன்.