சிறப்புக் குழந்தைக்குத் திட்டம் போடும்போது அப்பத்தாவையும் அழையுங்கள்

வளர்ச்சித் தாமதம், மூளை முடக்குவாதம் (மூளைப் பாதிப்பால் உடல் அசைவு சிரமப்படும் நிலை), ஆட்டிசம் என்று பயிற்சிக்கு வரும் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தனித் திட்டம் எழுதுகிறோம். பல கூட்டங்களில் மேசைக்கு அந்தப் பக்கம் பயிற்சியாளர்கள் நாலு பேர் அறிக்கை வாசிக்க, இந்தப் பக்கம் அம்மா தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுகிறார். வீட்டில் அதை யார், எந்த நேரத்தில் செய்வது என்ற கேள்வியே எழுவதில்லை. அதனால்தான் திட்டம் கோப்போடு நின்றுவிடுகிறது.

நாள் குறிப்பதிலேயே கவனம் வேண்டும். உசிலம்பட்டியிலிருந்தோ பேரையூரிலிருந்தோ குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர், பெரியாஸ்பத்திரியில் டாக்டரைப் பார்த்த அதே நாள் மதியம் உங்களோடு நிதானமாகப் பேச முடியாது. பயிற்சி நாளிலேயே, பயிற்சிக்கு முன்னால் 45 நிமிடம் ஒதுக்குங்கள். மதிப்பீட்டு முடிவை ஒரு வாரம் முன்பே, தமிழில், ஒரே பக்கத்தில் விளக்கிக் கொடுத்துவிடுங்கள். அதை முதன்முதலாகக் கூட்டத்தில் கேட்டு உடைந்துபோகிற தாயிடம் திட்டம் பேச முடியாது. பேச்சு வராத குழந்தை என்றால், காது கேட்கும் பரிசோதனை முடிந்ததா என்றும் பாருங்கள். காது சரியாகக் கேட்காத குழந்தைக்குப் பேச்சுப் பயிற்சியை மட்டும் எழுதினால் மாதங்கள் வீணாகும்.

குழந்தைக்குச் சோறூட்டுகிறவர் கூட்டத்தில் கட்டாயம் இருக்க வேண்டும். அம்மா வேலைக்குப் போகும் வீட்டில் அது அப்பத்தாவோ அம்மாச்சியோதான். முதல் கேள்வி அவருக்கு: "அவனுக்குப் பசிக்குதுன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க அப்பத்தா?" "அடுப்படி வாசல்ல வந்து நின்னு கதவைத் தட்டுவான்" என்று பதில் வந்தால், வேண்டியதைக் கேட்டு வாங்க அவனுக்குத் தெரியும் என்று அர்த்தம். மதிப்பீட்டுத் தாளில் இது பெரும்பாலும் இருக்காது. இலக்கை அங்கிருந்து தொடங்குங்கள்.

'பேச்சை மேம்படுத்துதல்' என்று எழுதினால் வீட்டில் யாருக்கும் ஒன்றும் புரியாது. இப்படி எழுதலாம்: 'காலைச் சாப்பாட்டில் இட்லித் தட்டைக் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி, கைக்கு எட்டாமல் வைத்து 10 நொடி காத்திருந்தால், 5 முறையில் 3 முறை கை நீட்டியோ "தா" என்றோ கேட்பான். ஊட்டுபவர் அப்பத்தா. ஐந்து துண்டுக்குப் பிறகு வழக்கம்போல் ஊட்டலாம்.'

அந்த 10 நொடிதான் கஷ்டம். பாசத்தில் இரண்டாவது நொடியே வாயில் வைத்துவிடுவார்கள். கூட்டத்திலேயே ஒரு பிஸ்கட்டை வைத்துச் செய்துகாட்டி, அவரையும் செய்யச் சொல்லுங்கள். கேட்க வைப்பதற்காகப் பட்டினி போடக் கூடாது; அழ ஆரம்பித்தால் கொடுத்துவிட வேண்டும். எத்தனை முறை கேட்டான் என்பதைத் தினசரி காலண்டர் தாளில் எழுதிவைத்தால் போதும், தனி நோட்டு வேண்டாம்.

மூன்று இலக்குக்கு மேல் எழுதாதீர்கள். பேச்சு, இயன்முறை (பிசியோதெரபி), சிறப்புக் கல்வி என்று ஆளுக்கு ஐந்து எழுதினால் வீட்டில் ஒன்றுகூட நடக்காது. ஒரே வேளையில் பலவற்றைச் சேர்க்க முடியும். மூளை முடக்குவாதக் குழந்தையை இடுப்பு பின்னால் ஒட்டி, பாதம் பலகையில் ஊன்றி, முகவாய் சற்றுக் கீழே இருக்கும்படி உட்காரவைத்து ஊட்டினால், உட்காரும் பயிற்சியும் அதிலேயே நடந்துவிடும். படுக்கவைத்து ஊட்டினால் உணவு மூச்சுக்குழாய்க்குள் போய்ப் புரையேறும்; அடிக்கடி நெஞ்சுச் சளி பிடிக்கவும் அது காரணமாகலாம்.

"எப்ப சார் பேசுவான்?" என்று கேட்பார்கள். தேதி சொல்லாதீர்கள். அடுத்த மூன்று மாதத்தில் எதைப் பார்க்கப் போகிறோம் என்று மட்டும் சொல்லுங்கள்.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, உதவித்தொகைப் பேச்சைக் கடைசி ஐந்து நிமிடத்துக்கு வையுங்கள். முதலில் எடுத்தால் நேரம் முழுக்க அதிலேயே போய்விடும். 40 சதவீதமும் அதற்கு மேலும் பாதிப்புள்ள குழந்தைக்கு 6 வயது முதல் 18 வரை இலவசக் கல்வி உரிமை என்பது 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இருக்கிறது. ஐந்து வயதைத் தொட்டவுடனே பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையத்திலுள்ள சிறப்புப் பயிற்றுநரையும் கூட்டத்துக்கு அழையுங்கள்.

திட்டத்தின் ஒரு நகல் வீட்டுக்குப் போகட்டும். நான்காவது வாரம் போனில் கேளுங்கள். இலக்கு நகரவில்லை என்றால் நேரம் ஒத்துவரவில்லையா, ஊட்டுகிற ஆள் மாறிவிட்டாரா, இலக்கே பெரிதாகிவிட்டதா என்று பார்த்து, அந்த ஒன்றை மட்டும் அன்றே மாற்றுங்கள். மற்றதை 12வது வாரக் கூட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம்.