ஐந்நூறு டாலர் காரும் ஒரு மெகாஜூல் சூடும்

காயலான் கடைக்குப் போக வேண்டிய ஒரு பழைய காரை 500 டாலருக்குள் வாங்கி, உள்ளே இரும்புக் கூண்டு ஒன்றை வெல்ட் பண்ணி, நான்கைந்து நண்பர்கள் மாறி மாறி ஒரு வார இறுதி முழுக்க ரேஸ் டிராக்கில் ஓட்டுகிற போட்டி அமெரிக்காவில் 2006இலிருந்து நடந்துவருகிறது. பெயர் ‘24 அவர்ஸ் ஆஃப் லெமன்ஸ்’. பிரான்ஸில் லெ மான் ஊரில் 1923இல் தொடங்கிய 24 மணி நேர ரேஸ் பலருக்கும் தெரிந்திருக்கும். அமெரிக்கப் பேச்சிலோ, எப்போதும் மக்கர் பண்ணுகிற காருக்கு லெமன், அதாவது எலுமிச்சை, என்று பெயர். இந்த இரண்டையும் கோத்து ஜே லாம் என்ற கார் பத்திரிகையாளர் ஆரம்பித்த போட்டி இது. முதல் ரேஸ் கலிபோர்னியாவில் ஆல்டமாண்ட் டிராக்கில் நடந்தது. பெயரில் 24 இருந்தாலும் பெரும்பாலான ரேஸ்கள் சனி, ஞாயிறு இரண்டு பகலிலுமாகச் சேர்த்து 14, 15 மணி நேரம்தான் ஓடும். அதுவே ஒரு பழைய ஹோண்டா சிவிக்குக்கு மலை ஏறுகிற மாதிரி.

இந்தப் போட்டியின் விதிகளில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று உண்டு. 500 டாலர் கணக்கில் கூண்டு, சீட், பெல்ட், தீயணைப்புக் கருவி இதெல்லாம் சேராது, அது பாதுகாப்பு, சரி. ஆனால் பிரேக்கும் சக்கரமும் டயரும்கூட அந்தக் கணக்கில் சேராது. இன்ஜினில் கூடுதலாகச் செலவு செய்தது தெரிந்தால் நடுவர்கள் தண்டனைச் சுற்றுகள் போடுவார்கள், பிரேக்கில் எவ்வளவு வேண்டுமானாலும் கொட்டலாம். பிரேக் போடுகிற ஒவ்வொரு முறையும் காருக்குள் என்ன நடக்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த விதியின் அருமை புரியும்.

டிரைவரோடு சேர்த்து 1,200 கிலோ எடையுள்ள கார் என்று வைத்துக்கொள்வோம். நேர்ப்பாதையின் முடிவில் மணிக்கு 160 கி.மீ. வேகம், வளைவுக்குள் நுழையும்போது 60. இயக்க ஆற்றல் என்பது எடையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்குவது. போட்டுப் பார்த்தால் இந்த ஒரே ஒரு பிரேக்குக்கு ஏறக்குறைய 10 லட்சம் ஜூல், அதாவது ஒரு மெகாஜூல் வருகிறது. அறை வெப்பத்தில் இருக்கிற மூன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதி நிலைக்குக் கொண்டுவரப் போதுமான சூடு அது, நாலே நொடியில் கிளம்புகிறது. வேகம் எங்கேயும் மறைந்துபோவதில்லை. சக்கரத்தோடு சுழல்கிற இரும்புத் தட்டான டிஸ்கும் அதை இரு பக்கமும் அழுத்திப் பிடிக்கிற பேடும் உரசி முழுசும் சூடாக மாறுகிறது.

பிரேக் போட்டால் கார் முன்பக்கம் குனியும் இல்லையா, அதனால் முன் சக்கரங்கள்தான் 70 சதவீதம் வேலையைச் செய்கின்றன. ஒரு முன் டிஸ்கின் பங்கு 3.5 லட்சம் ஜூல். சின்ன காரின் டிஸ்க் 5 கிலோ வார்ப்பிரும்பு என்றால் அந்த ஒரு தடவையிலேயே அதன் சூடு 150 டிகிரி ஏறிவிடும். அடுத்த வளைவு வரும்வரை அரை நிமிடம் காற்றில் கொஞ்சம் ஆறும், அப்புறம் மறுபடி 150. இரண்டு நிமிடச் சுற்றில் இதுபோல ஐந்து இடங்களில் பிரேக் போட்டால் 14 மணி நேரத்தில் 2,100 தடவை. மொத்தச் சூடு 2,100 மெகாஜூல், 60 லிட்டருக்கு மேல் பெட்ரோலை எரித்தால் என்ன வருமோ அது. அத்தனையும் நான்கு இரும்புத் தட்டுகள் வழியாக வெளியேறியாக வேண்டும்.

டிஸ்க் உருகாமல் இருப்பது எப்படி? ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதை நினைத்துக்கொள்ளுங்கள். மட்டம் ஏற ஏற ஓட்டை வழியாக வேகமாக வெளியேறும். ஒரு கட்டத்தில் ஊற்றுகிற அளவும் ஒழுகுகிற அளவும் சமமாகி மட்டம் அங்கேயே நின்றுவிடும். டிஸ்கும் அப்படித்தான். சுற்றியிருக்கிற காற்றைவிட எவ்வளவு அதிகம் சூடோ அவ்வளவு வேகமாகச் சூட்டை இழக்கும், செக்கச் சிவக்க ஆரம்பித்துவிட்டால் வெப்பக் கதிர்வீச்சாகவும் கணிசமாகப் போகும். சில சுற்றுகளில் ஒரு சமநிலை வந்துவிடும். அந்தச் சமநிலை 350 டிகிரியிலா 600 டிகிரியிலா என்பதில்தான் ஒரு அணியின் பிழைப்பே இருக்கிறது. அதனால்தான் முன் பம்பரிலிருந்து ஒரு குழாயை இழுத்து டிஸ்கின் நடுப்பகுதிக்குக் காற்றைக் கொண்டுபோகிறார்கள். நடுப்பகுதிக்கு ஏன் என்றால், இரண்டு தட்டுகளுக்கு இடையே இடைவெளி விட்ட டிஸ்க் சுழலும்போது ஒரு மின்விசிறி மாதிரி வேலை செய்கிறது; நடுவில் காற்றை இழுத்து ஓரம் வழியாக வீசுகிறது. அந்த வாய்க்குள் காற்றை ஊட்டினால் போதும், ஓட்டை பெரிதான குடம் மாதிரிச் சமநிலை கீழே இறங்கிவிடும்.

தெருவில் ஓடுகிற காரின் பேடுகள் இந்தச் சூட்டுக்குச் செய்தவை அல்ல. அவற்றைப் பிணைத்திருக்கிற ரெசின் கருகி வாயு கிளம்பும், பெடல் கல் மாதிரிக் கெட்டியாக இருக்கும், கார் மட்டும் நிற்காது. மலைப்பாதையில் இறங்கும்போது ஒரு கருகல் வாடை வரும் பாருங்கள், அதேதான். ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக 36 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குகிறவர்களை ‘தாழ்ந்த கியரில் வா’ என்று சொல்வதும் இதே இயற்பியலுக்காகத்தான், அந்தச் சூட்டில் ஒரு பங்கை இன்ஜின் வாங்கிக்கொள்ளட்டும் என்று.

பேட் போனால் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். பிரேக் ஆயில் கொதிப்பது வேறு ரகம், அது ஒரு நொடியில் நடக்கும். நாம் ஆயில் என்று சொன்னாலும் அது எண்ணெய் கிடையாது, கிளைக்கால் வகைத் திரவம், காற்றிலிருக்கிற ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 4 என்று டப்பாவில் போட்டிருந்தால் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தர விதி. அதே ஆயிலில் 3.7 சதவீதம் தண்ணீர் கலந்தபின் அந்த எல்லை 155 டிகிரிதான். காயலான் கடை விலைக்கு வாங்கிய காரில் எத்தனை வருடத்து ஆயில் இருக்கிறதோ யாருக்குத் தெரியும். பேடுகளை டிஸ்க் மேல் அழுத்துகிற காலிப்பருக்குள் அது கொதித்து ஒரு சின்ன நீராவிக் குமிழி உருவானால் போதும். திரவத்தை அழுத்தினால் சுருங்காது, அதனால் காலில் கொடுத்த அழுத்தம் அப்படியே பேடுக்குப் போகிறது; ஆவி சுருங்கும், அதனால் பெடல் தரை வரைக்கும் போய் ஒன்றுமே நடக்காது. அந்த ஆயிலை வெளியே எடுக்கும்போது பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். காலிப்பரின் நிப்பிளில் ஒரு ஒளி ஊடுருவும் குழாயை மாட்டி, ஒருவர் பெடலை அழுத்த இன்னொருவர் ஸ்பேனரால் அரைச் சுற்று திறந்தால், முதலில் டீ டிகாஷன் நிறத்தில் ஒரு திரவம், நடுநடுவே கடுகளவு குமிழிகள், அப்புறம் மெல்ல மெல்லத் தேன் நிறத்துக்கு மாறிக் கடைசியில் தெளிவாக வரும். நம் மெக்கானிக்குகள் ‘ஏர் எடுப்பது’ என்று சொல்கிற இந்த அரை மணி நேர வேலையையும் ஒரு பாட்டில் நல்ல ஆயிலையும்விடப் பயனுள்ள செலவு இந்த ரேஸில் வேறு எதுவும் இல்லை என்பது என் எண்ணம்.

இன்ஜின் பக்கம் வருவோம். எரிகிற பெட்ரோலில் தோராயமாக மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைத் திருப்பப் போகிறது. இன்னொரு பங்கு புகையோடு வெளியேறுகிறது, மீதி ரேடியேட்டர் தலையில் விழுகிறது. ஊருக்குள் ஓட்டும்போது ஆக்சிலரேட்டரை முழுசாக மிதிப்பது எப்போதோ ஒரு தடவை, அதனால் பாதி அடைத்த ரேடியேட்டர்கூடச் சமாளித்துவிடும். டிராக்கில் பாதி நேரத்துக்கு மேல் முழு மிதிதான். இங்கே முதலில் பார்க்க வேண்டியது ரேடியேட்டர் மூடி. அது உள்ளே காற்றழுத்தத்தைவிட ஒரு பார் அளவுக்கு அதிக அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால்தான் தண்ணீர் 120 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கிறது. அதன் ரப்பர் தேய்ந்துபோனால் 100இலேயே கொதித்துவிடும். அடுத்தது, ரேடியேட்டரைச் சுற்றியிருக்கிற இடுக்குகள். காற்று எப்போதும் சுலபமான வழியைத்தான் தேடும், ஆகவே பக்கவாட்டில் இடைவெளி இருந்தால் ரேடியேட்டருக்குள் நுழையாமல் அந்த வழியே நழுவிவிடும். நுரைப் பட்டையும் தகரத் துண்டும் வைத்து அந்த இடுக்குகளை அடைத்தாலே வித்தியாசம் தெரியும். பல டிராக்குகளில் கிளைக்கால் கலந்த கூலன்ட் ஊற்ற அனுமதியே இல்லை, தார் மேல் சிந்தினால் வழுக்கும், சீக்கிரம் காயாது. வெறும் தண்ணீர்தான். அதில் நஷ்டமில்லை, ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு லிட்டர் கூலன்ட் கலவையைவிட அதிகச் சூட்டைச் சுமக்கும்.

டேஷ்போர்டில் இருக்கிற டெம்பரேச்சர் முள்ளை மட்டும் நம்பக் கூடாது. ஓட்டுகிறவர் பயப்படக் கூடாது என்பதற்காகப் பல கார்களில் அந்த முள் ஒரு பெரிய இடைவெளி முழுக்க நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருப்பார்கள். அதைவிட மோசம், குழாய் வெடித்துத் தண்ணீர் மொத்தமும் போய்விட்டால் சென்சார் காற்றில் தொங்கிக்கொண்டு, சூடு குறைந்துவிட்டது என்று காட்டும். அனுபவமுள்ள அணிகள் தனி மீட்டர் ஒன்றையும் தண்ணீரின் அழுத்தம் விழுந்தால் எரிகிற பெரிய சிவப்பு விளக்கு ஒன்றையும் கண்ணுக்கு நேராக மாட்டுவது இதனால்தான். அந்த விளக்கு எரிந்து பத்து நொடியில் இன்ஜினை அணைத்தால் ஒரு ஹோஸ் செலவு. ஒரு சுற்று முடித்துவிட்டு வரலாம் என்று நினைத்தால் இன்ஜினின் தலைப்பகுதிக்கும் பிளாக்குக்கும் நடுவே அடைப்பாக இருக்கிற ஹெட் கேஸ்கெட் போய்விடும்.

இன்ஜின் ஆயில் விஷயம் இன்னும் நுட்பமானது. பிஸ்டனின் அசைவைச் சுழற்சியாக மாற்றுகிற கிராங்கும், அதைப் பிஸ்டனோடு இணைக்கிற கனெக்டிங் ராடின் பேரிங்கும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை, நடுவே சில மைக்ரான் தடிமனில் ஓர் ஆயில் படலம் மிதக்கிறது. நீளமான வளைவில் பக்கவாட்டு விசை புவியீர்ப்புக்குச் சமமானால் சம்ப்பில், அதாவது இன்ஜினின் அடித்தொட்டியில், இருக்கிற ஆயிலின் மேல்மட்டம் 45 டிகிரி சாய்ந்து ஒரு மூலையில் ஒதுங்கும். உறிஞ்சுகிற குழாய் நடுவில் இருக்கும், அதற்குக் கிடைப்பது காற்று. படலம் அறுந்த இடத்தில் உலோகம் உலோகத்தைத் தொடும், ‘டக் டக்’ என்று அடிக்க ஆரம்பிக்கும், கேட்காததுபோல ஓட்டினால் ராடு பிளாக்கைத் துளைத்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்க்கும். சம்ப்புக்குள் தகரத் தடுப்புகள் சிலவற்றை வெல்ட் பண்ணினால் ஆயில் மூலைக்கு ஓடுவது தாமதமாகும், அந்த வளைவு முடிகிற வரைக்கும் தாக்குப்பிடித்தால் போதுமே.

ஆக, வேகமான கார் ஜெயிக்கும் என்பது இங்கே சரிப்பட்டு வருவதில்லை. உங்கள் கார் ஒரு சுற்றுக்கு 2 நிமிடம், பக்கத்து அணிக்கு 2 நிமிடம் 2 நொடி என்று வையுங்கள். 14 மணி நேரத்தில் நீங்கள் 420 சுற்று, அவர்கள் 413. ஏழே ஏழு சுற்று லாபம். நடுவில் ஒரே ஒரு தடவை பேட் மாற்றப் பிட்டில், அதாவது டிராக் ஓரத்தில் பழுதுபார்க்கிற இடத்தில், 15 நிமிடம் நின்றால் அந்த ஏழும் போச்சு. மறுபக்கம் பாருங்கள்: நேர்ப்பாதையின் முடிவில் ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் முன்னாலேயே விட்டு, 160க்குப் பதிலாக 150இல் பிரேக் போட்டால் வேகம் ஆறு சதவீதம்தான் குறைகிறது, வர்க்கக் கணக்கினால் பிரேக்கில் விழுகிற சூடு 14 சதவீதம் குறைந்துவிடும். அதற்கு இழப்பது அரை நொடிகூட இல்லை. பெட்ரோலும் மிச்சம். சுற்றுக்கு ஐந்து இடத்தில் இதைப் பொறுமையாக, யாரும் தன்னை முந்துகிறார்களே என்று ரோஷப்படாமல் செய்கிற டிரைவரைத்தான் நான் நல்ல டிரைவர் என்பேன்.

அந்த டிரைவருக்கும் சூடுதான் எதிரி. பல அடுக்குத் தீத்தடுப்பு உடையில் வியர்வை ஆவியாக வழியில்லை. அதனால் பிக்னிக்குக்குக் கொண்டுபோகிற ஐஸ் பெட்டியில் சின்ன மோட்டார் ஒன்றை வைத்து, மெல்லிய குழாய்கள் தைத்த பனியனுக்குள் குளிர்ந்த தண்ணீரைச் சுற்றவிடுகிறார்கள். 5 கிலோ ஐஸ் உருகும்போது 1.7 மெகாஜூல் சூட்டை வாங்கிக்கொள்ளும். ஒன்றே முக்கால் பிரேக் அளவுதான், ஆனால் ஒரு மனிதரை ஒன்றரை இரண்டு மணி நேரம் தெளிவாக வைத்திருக்க அது போதும்.

எல்லாவற்றையும்விட ஆபத்தான நேரம் கார் நின்ற பிறகு வருகிறது. ஓடிக்கொண்டிருந்தவரை காற்று அள்ளிக்கொண்டு போன சூட்டுக்கு இப்போது போக்கிடம் இல்லை. டிஸ்கிலிருந்து பேடுக்கும் பேடிலிருந்து காலிப்பருக்கும் ஊர்ந்து போய், டிராக்கில் கொதிக்காத பிரேக் ஆயில் பிட்டில் நிற்கும்போது கொதிக்கலாம். அதனால்தான் உள்ளே வருவதற்கு முந்தைய சுற்றைப் பிரேக்கை முடிந்தவரை தொடாமல் ஓட்டச் சொல்வார்கள். நின்றதும் பெடலிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும், ஹேண்ட்பிரேக் போடக் கூடாது, சூடான பேட் டிஸ்கில் ஒட்டித் திட்டுத் திட்டாகப் படிந்துவிடும். பின்சக்கரத்துக்கு ஒரு கட்டை கொடுத்தால் போதும். பெட்ரோல் ஊற்றி முடித்து, அடுத்தவர் ஏறி உட்கார்ந்து, பெல்ட்டை இறுக்கி, கட்டையை எடுக்கச் சொல்வதற்கு முன்னால் பிரேக் பெடலை இரண்டு தடவை அழுத்திப் பார்ப்பார். பாதியில் கெட்டியாக நின்றால் கையைத் தூக்கிக் காட்டுவார், கார் கிளம்பும்.