ஹாட் ராடை எந்த வருடத்துக்கு மீட்பது?

பழைய காரை மீட்டெடுப்பவருக்கு இலக்கு பெரும்பாலும் தெளிவு: தொழிற்சாலையை விட்டு வந்த அன்று எப்படி இருந்ததோ, அப்படி. வேகத்துக்காகப் பழைய காரைக் கழற்றி மாற்றிக் கட்டிய ஹாட் ராடுக்கு இது செல்லாது. தொழிற்சாலை பூட்டி அனுப்பியதைக் கழற்றிப் போட்டதால்தான் அது ஹாட் ராட் ஆயிற்று. அசலுக்குத் திருப்பினால் கார் மிஞ்சும், ஹாட் ராட் போய்விடும். ஆகவே ஸ்பானரைத் தொடும் முன்பே முடிவு செய்யவேண்டியது ஓர் ஆண்டு.

திறந்த இரு இருக்கைக் காரான 1932 ஃபோர்டு ரோட்ஸ்டரை வைத்தே பேசலாம். ஹாட் ராட் உலகில் முதல் மரியாதை அதற்குத்தான். அந்த ஆண்டில்தான் ஃபோர்டு சாதாரண மக்கள் வாங்கும் விலையில் வி8 இன்ஜினைக் கொடுத்தது: 221 கன அங்குலம், அதாவது 3.6 லிட்டர், 65 குதிரைத்திறன். இன்னொரு காரணம் சேஸிஸ். முந்தைய மாடல் ஏ வண்டியில் சேஸிஸ் சட்டத்தை ஒரு தகடு மறைத்திருக்கும். மட்கார்டைக் கழற்றினால் வண்டி அரைகுறையாகத் தெரியும். 1932 வண்டியில் சட்டமே வெளியே தெரியும்படி, பாடியோடு இசைகிற வளைவுக் கோட்டுடன் அச்சில் அழுத்தப்பட்டது. தெற்குக் கலிஃபோர்னியாவின் மியூராக், எல் மிராஜ் வறண்ட ஏரிப் படுகைகளில் வேகம் பார்த்த இளைஞர்களுக்கு மட்கார்டு, பம்பர், கூரை எல்லாவற்றையும் கழற்றுவதுதான் முதல் வேலை. எடையும் குறையும், காற்றுத் தடையும் குறையும், காசும் செலவாகாது. 1937-இல் சதர்ன் கலிஃபோர்னியா டைமிங் அசோசியேஷன் தொடங்கியபின் இந்த ஓட்டங்களுக்கு ஓர் ஒழுங்கும் வந்தது.

கழற்றியபின் பூட்டுவது. ஃபோர்டு பின்னாளில் கண்டுகொண்ட நல்லவற்றை முந்தைய இலகுவான வண்டியில் ஏற்றுவதுதான் இதன் சூத்திரம். 1938 வரை ஃபோர்டுக்குக் கம்பியும் கழியும் இழுக்கும் மெக்கானிக்கல் பிரேக். 1939-இல்தான் ஹைட்ராலிக் வந்தது. பழைய இரும்புக் கடையில் 1939, 1940 வண்டி கிடைத்தால் பிரேக்கும் கியர்பாக்ஸும் இங்கே வந்துவிடும். அதே 1939-இல் ஃபோர்டின் மெர்குரி காருக்கு 239 கன அங்குல இன்ஜின்: 3 3/16 அங்குல போர் (சிலிண்டரின் விட்டம்), 3 3/4 அங்குல ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்). போரை 1/8 அங்குலம் பெருக்கி, 1949-இல் மெர்குரியில் வந்த 4 அங்குல ஸ்ட்ரோக் கிராங்கை (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) போட்டால் 276 கன அங்குலம், 4.5 லிட்டர் ஆகிவிடும். இந்த ஆண்டுகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மீட்கும்போது இவைதான் சாட்சி.

இந்த வி8-க்கு ஃபிளாட்ஹெட் என்று பெயர். வால்வுகள் ஹெட்டில் இல்லை. சிலிண்டருக்குப் பக்கத்தில், பிளாக்கிலேயே இருக்கின்றன. ஹெட் வெறும் மூடி. இரண்டு சிலிண்டர் வரிசைக்கும் நடுவிலுள்ள பள்ளத்திலிருந்து காற்று உள்ளே போகிறது. எரிந்த புகை வெளியேற வேண்டியது மறுபக்கம். அதற்கு வழி, சிலிண்டர்களுக்கு இடையே தண்ணீர்ப் பாதையைக் கிழித்துக்கொண்டு போகிற குழாய்கள். ஒரு பக்கத்துக்கு 4 சிலிண்டர், வாய்களோ 3; நடு இரண்டுக்கும் ஒரே வாய். புகையின் சூடு வழியெல்லாம் தண்ணீரில் இறங்குகிறது. ஃபிளாட்ஹெட் கொதிக்கிறது என்ற புகாருக்கு வேர் இதுதான். ரேடியேட்டரைக் குறை சொல்லிப் பயனில்லை.

காற்றின் பாதையிலும் சிக்கல் உண்டு. வால்வைத் தாண்டி மேலே ஏறி, பக்கவாட்டில் திரும்பி, மறுபடி கீழே சிலிண்டருக்குள் இறங்க வேண்டும். வால்வுக்கும் சிலிண்டருக்கும் இடைப்பட்ட மேட்டைச் செதுக்கித் தாழ்த்தினால் காற்று தாராளமாகப் போகும். ஆனால் செதுக்கிய இடமெல்லாம் எரியறையின் கொள்ளளவில் சேர்வதால் கம்ப்ரஷன், அதாவது கலவை அழுத்தப்படும் அளவு, குறையும். எட்டெல்பிராக், ஆஃபன்ஹவுசர் போன்றோர் வார்த்த அலுமினிய ஹெட்கள் அந்த இழப்பை ஈடுகட்டின. மேலே இரண்டு ஸ்ட்ராம்பெர்க் 97 கார்புரேட்டர்; வெஞ்சுரியின் (காற்று போகும் குறுகிய தொண்டை) விட்டம் 0.97 அங்குலம் என்பதால் அந்த எண்.

முன்பக்கத்தைத் தாழ்த்த ஆக்சிலைக் காய்ச்சி இரு முனைகளையும் இழுத்து வளைப்பார்கள். சக்கரம் இருந்த இடத்திலேயே இருக்க, நடுப்பகுதி 2, 3 அங்குலம் இறங்கும். ஆக்சிலைப் பிடித்து நிறுத்துவது வி வடிவ விஷ்போன். அதன் முனை வண்டியின் நடுவில் ஒரே பந்து மூட்டில் முடியும். அந்த இடம் தடையாக இருந்தால் விஷ்போனை இரண்டாக அறுத்து, முனைகளைச் சட்டத்தின் இரு ஓரத்திலும் பூட்டுவது வழக்கம். இப்போது ஒரு சக்கரம் மட்டும் மேட்டில் ஏறினால் விஷ்போனின் இரண்டு கைகளும் வெவ்வேறு கோணத்தில் நிற்கும். இடையிலுள்ள ஆக்சில் முறுக்கப்படும். ஃபோர்டின் ஐ-பீம் ஆக்சில் திறந்த வெட்டுமுகம் என்பதால் கொஞ்சம் முறுகிக்கொடுக்கும். குழாய் ஆக்சில் மூடிய வெட்டுமுகம், முறுகவே முறுகாது; விசை முழுவதும் பிராக்கெட்டுக்குப் போய் வெல்டிங்கில் விரிசல் விழும். 1937-இல் வந்த ஃபோர்டு குழாய் ஆக்சிலை அழகுக்காகப் போட்டு, அறுத்த விஷ்போனோடு சேர்த்துவிட்ட வண்டி வந்தால் முதலில் பார்க்க வேண்டியது அந்த பிராக்கெட்டை.

இதே இயற்பியலை நமக்குச் சாதகமாகவும் திருப்பலாம். சேஸிஸ் சட்டம் திறந்த சி வடிவம். உள்பக்கத்தில் தகடு வைத்து வெல்டு செய்து பெட்டியாக மூடினால் அந்தச் சட்டத்தின் முறுக்கு விறைப்பு பல நூறு மடங்கு கூடும். சுருட்டிய தாளின் ஓரத்தை ஒட்டாமல் முறுக்கிப் பாருங்கள், பிறகு ஒட்டிவிட்டு முறுக்குங்கள். வித்தியாசம் கையில் தெரியும். ஒரே மூச்சில் நீளமாக வெல்டு ஓட்டினால் சுருங்கும் உலோகம் சட்டத்தை வில்லாக இழுத்துவிடும். ஓர் அங்குலம் இங்கே, ஓர் அங்குலம் தள்ளி அங்கே என்று மாற்றி மாற்றி, ஆறவிட்டு அடிக்க வேண்டும்.

இனி மீட்பு. 1948 அக்டோபர் ஹாட் ராட் இதழின் அட்டையில் வந்த பாப் மெக்கீயின் 1932 ரோட்ஸ்டர் நல்ல உதாரணம். பிறகு அது டிக் ஸ்கிரிச்ஃபீல்டிடம் போய், உலோகத் துகள் மின்னும் பெயின்ட் பூசிய வண்டியாகப் பேர் வாங்கியது. மீட்டவர்கள் மெக்கீயின் காலத் தோற்றத்தையே தேர்ந்தார்கள். இரண்டாம் வாழ்க்கையும் வரலாறுதான்; ஒன்றை வைக்க மற்றொன்றை அழித்தே ஆகவேண்டும். புகைப்பட ஆதாரம் வலுவாக உள்ள காலத்தைத் தேர்வதே நியாயம் என்பது எங்கள் கட்சி. 1997-இல் பெபிள் பீச் கார் கண்காட்சி முதன்முறையாக ஹாட் ராடுகளுக்குத் தனிப் பிரிவு திறந்து, டோன் ஸ்பென்சரின் ரோட்ஸ்டர் அதில் வென்றபின், இந்த ஆதார வேட்டை இன்னும் கண்டிப்பானது.

படம் இல்லாத இடத்தில் உலோகம் பேசும். சேஸிஸ் எண் இடது சட்டத்தின் மேல்பக்கம் மூன்று இடங்களில் குத்தப்பட்டிருக்கும். பாடியைத் தூக்கினால்தான் எல்லாம் தெரியும். மூன்றும் ஒத்துப்போகாவிட்டால் சட்டம் ஒட்டுவேலை. 1947-இல் கட்டி முடித்து அப்படியே விட்ட வண்டி என்கிறார் உரிமையாளர், உள்ளே 1949 மெர்குரி கிராங்க்; கதையைத் திருத்த வேண்டியதுதான். பெயின்ட்டைச் சுரண்டி எறியாமல், ஓர் இடத்தில் நயமான உப்புத்தாளால் வட்டமாகச் சரிவு தேய்த்தால் ஒவ்வொரு பூச்சும் வளையமாக வெளிப்படும். அடியில் ஈயமா, பட்டியா என்று பாருங்கள். பிளாஸ்டிக் பட்டி 1950-களின் நடுவில் பரவியது. அதற்கு முன் டிங்கரிங் என்றால் ஈயம்தான்.

30 பங்கு வெள்ளீயம், 70 பங்கு ஈயம் கலந்த கம்பி 183 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கி, 255 டிகிரியை ஒட்டித்தான் முழுதாக உருகும். இடைப்பட்ட நேரமெல்லாம் களி போல இருக்கும்; அப்போது மரத்தட்டையால் தடவி வடிவம் கொடுக்கலாம். ஈயம் ஒட்டுவதற்காக அடியில் பூசிய ஃபிளக்ஸ் அமிலத்தைக் கழுவாமல் விட்டால் சில மாதத்தில் பெயின்ட் கொப்பளிக்கும். ஈயத்தை உப்புத்தாளால் தேய்க்கவே கூடாது, தூசி நுரையீரலுக்குப் போகும், அரம் மட்டுமே.

இன்ஜின் பிளாக்குக்குக் காசு போடும் முன், விரிசலைக் காட்டிக்கொடுக்கும் காந்தத் துகள் சோதனை. வால்வு சீட்டிலிருந்து சிலிண்டரை நோக்கி ஓடும் விரிசல்தான் ஆபத்தானது, காரணம் மேலே சொன்ன சூடு. ஹெட் போல்ட் துளைக்கும் தண்ணீர்த் துளைக்கும் இடையிலான மயிரிழை விரிசலோடு எத்தனையோ பிளாக்குகள் ஓடுகின்றன. தண்ணீர்ப் பாதைக்குள் வார்ப்பு மணலும், அதைத் தாங்கிய கம்பியும்கூட இன்னும் இருக்கும். சுரண்டியும் சூளையில் சுட்டும் வெளியே எடுக்காமல் புது ரேடியேட்டர் வாங்குவது வீண்.

வால்வு இடைவெளியில் அவசரம் ஆகாது. வால்வைத் தள்ளித் திறக்கும் தொழிற்சாலை டேப்பெட்டில், இடைவெளியைச் சரிசெய்யும் திருகு கிடையாது. வால்வுத் தண்டின் நுனியைத் தேய்த்துத்தான் அளவு கொண்டுவர வேண்டும். உள்வாங்கும் வால்வுக்கு 0.010 முதல் 0.012 அங்குலம், புகை வால்வுக்கு 0.014 முதல் 0.016. கூடுதலாகத் தேய்த்தால் அந்த வால்வு போயிற்று. திருகு வைத்த டேப்பெட் அந்தக் காலத்து ஹாட் ராடுகளிலேயே உண்டு, போடுவதில் தவறில்லை.

ஓடவிட்டதும் கொதித்தால் முதலில் இக்னிஷன் டைமிங்கைப் பாருங்கள். பொறி தாமதமானால் எரிதல் பிந்துகிறது, புகை கூடுதல் சூட்டோடு வெளியேறுகிறது. வேறு இன்ஜினில் அது சைலன்சருக்குப் போகும், இங்கே தண்ணீருக்கு. கார்புரேட்டர் வழிந்தால் ஜெட்டைக் குறை சொல்லாதீர்கள். ஸ்ட்ராம்பெர்க் 97 தாங்குவது சதுர அங்குலத்துக்கு இரண்டரை பவுண்டு அழுத்தம்; இன்றைய மின்சாரப் பம்ப் அதற்கு இரு மடங்குக்கும் மேல் தள்ளும். நடுவே ரெகுலேட்டர் வேண்டும். 1939 பிரேக்கில் ஷூவைக் கீழேயும் மேலேயும் தனித்தனியாகச் சரிசெய்ய வேண்டும். மேலே மட்டும் திருகினால் பெடல் பாதிவரை இறங்கும். மாஸ்டர் சிலிண்டர் ஒற்றைச் சுற்று, ஒரு குழாய் கசிந்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் இல்லை. கண்காட்சி வண்டிக்கு அது சரி. சாலையில் ஓடும் வண்டிக்கு இரட்டைச் சுற்று சிலிண்டரை வாங்கித் தரைத் தகட்டுக்கு அடியில் பூட்டிவிடுங்கள், ஆண்டு தப்பினாலும் பரவாயில்லை.